பாவு ஏறிய தறியும் கரையில் நிற்கும் படகும்

குமார்,

இந்தக் கையெழுத்து உன் தங்கை சுமதியுடையது, பேச்சு என்னுடையது. அவள் சுற்ற வேண்டிய நூல் தாரை நான் சுற்றிக்கொண்டே சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். நான் பேசுவதை அப்படியே எழுதினால் உனக்குச் சிரிப்பு வரும் என்று, புத்தகத்தில் இருப்பதுபோல மாற்றி எழுதிக்கொள்கிறாள். இருக்கட்டும். போனில் சொல்லலாம் என்றால் நீ ‘சரிம்மா, சரிம்மா’ என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் முடியும்வரை படித்துத்தான் ஆக வேண்டும். படித்ததும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடாதே. மருமகள் தேவி இதை வீட்டில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒருமுறை படிக்கட்டும். உன் மாமனார் கேட்க வேண்டும், உன் மச்சான் கேட்க வேண்டும், உன்னோடு கடலுக்கு வரும் ஏழுமலையும் கேட்க வேண்டும். அவர்களுக்குத் தெரியக்கூடாதது இதில் ஒன்றும் இல்லை. தெரிய வேண்டியதுதான் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது, வருகிற வெள்ளிக்கிழமையோடு படகின் இன்சூரன்ஸ் முடிகிறது என்று போகிற போக்கில் சொன்னாய். போன வருஷம் எழுதிய மதிப்பையே எழுதச் சொல்லிவிட்டதாகவும், நேரில் வந்து படகைப் பார்க்கிறேன் என்ற ஏஜென்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னாய். நான், ‘நடுவுல புது எஞ்சின் போட்டியே, அது?’ என்று கேட்டேன். ‘எஞ்சினு படகு மேலதானேம்மா கீது, தனியாவா ஓடுது?’ என்று சிரித்தாய். ‘கூட வர்ற ஆளுங்க பேரு?’ என்றேன். ‘மச்சானும் ஏழுமலையும்தானே, அவங்க இன்னா வெளியாளா?’ என்றாய். அதற்குப் பிறகு நீ பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. நீ சொன்ன அந்தச் சொல்லை நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அதனால் என்ன நடந்தது என்பது உனக்கு முழுசாகத் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டதும் நான்தான்.

நம் வீட்டுப் பின்பக்கத்துத் தறிக் கொட்டகையை பாங்க் கடன் வாங்கிக் கட்டியபோது, அதற்கு இன்சூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். எடுத்தோம். முதல் வருஷம் அதில் நாலு பழைய தறிகள் மட்டும் இருந்தன. ஏஜென்ட் தம்பி தானே ஒரு மதிப்பைப் போட்டு எழுதிக்கொண்டு போனார். அடுத்த இரண்டு வருஷத்தில் அப்பா இரண்டு தறிகளுக்கு மேலே பூவேலைக்கான ஜக்கார்டு பெட்டி ஏற்றினார். பட்டும் ஜரிகையும் விலை ஏறிக்கொண்டே போயின. கொட்டகைக்குள் இருந்த பொருளின் மதிப்பு எங்கோ போய்விட்டது, பாலிசியில் இருந்த மதிப்பு மட்டும் அங்கேயே நின்றது. உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும். பாவு நூல் ஏறியிருக்கும் தறிக்கு விலை பேசக்கூடாது என்பது அவர் வீட்டு வழக்கம். விலை பேசினால் தறி கைமாறிவிடும் என்று அவருடைய அப்பா காலத்திலிருந்து ஒரு பயம். சரி, பாவு இல்லாத நாளில் பேசலாமே என்றால், அப்படி ஒரு நாளே வராது. ஒரு பாவு முடிகிற இடத்திலேயே அதன் இழைகளோடு அடுத்த பாவைப் பிணைத்துவிடுகிறோம். தறி வெறுமையாக நிற்பதே இல்லை. ஆகவே அதற்கு விலை சொல்லும் நாளும் வரவே இல்லை.

மூன்றாவது வருஷம் புதுப்பிக்க வந்த ஏஜென்ட் தம்பி கொட்டகைக்குள் வந்து நின்று மேலே பார்த்தார். ‘அண்ணா, ரெண்டு தறிக்கு ஜக்கார்டு ஏத்திகிறீங்க. பழைய மதிப்பு மரத்துக்கே ஆவாது. இப்ப எவ்ளோ பெறும்னு சொல்லுங்க, எழுதிக்கறேன்’ என்றார். அப்பா தறியில் ஓடிக்கொண்டிருந்த நாடாவை நிறுத்தவே இல்லை. ‘போன வருசம் இன்னா எழுதினியோ அதையே எழுதிகினு போ.’ ‘அண்ணா, உங்க நல்லதுக்குத்தான்.’ ‘தறி மேல பாவு கீது. வெலை கேக்காத.’ ஏஜென்ட் விடவில்லை. ‘அப்போ பாவு எறங்குற அன்னிக்கு வரட்டா?’ என்றார். மூலையில் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருந்த செல்லம்மா, ‘அப்படின்னா நீ ரிட்டயர் ஆயிட்டுத்தான் சார் வரணும்’ என்றாள். எல்லோரும் சிரித்தோம். அப்பாகூடச் சிரித்தார். சிரிப்போடு சிரிப்பாகப் பழைய மதிப்பே எழுதப்பட்டது.

கிளம்பும்போது அவர் என்னிடம் இன்னொன்று கேட்டார். ‘அக்கா, வேலைக்கு வர்ற ஆளு இருந்தா அவங்களுக்கும் ஒரு பாலிசி போட்டுக்கலாம். சுவரு, மரம் எல்லாத்துக்கும் போடறீங்க. மனுசனுக்கு வேணாமா?’ செல்லம்மா என்னைப் பார்த்தாள். அவள் ஊருக்கு வெளியே காலனியிலிருந்து நடந்து வருவாள். நீ கைப்பிள்ளையாக இருந்தபோதிலிருந்து வந்துகொண்டிருந்தாள். நம் வீட்டிலேயே சாப்பிட்டாள், உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் சுற்றினாள். அவளை எதிரில் வைத்துக்கொண்டு ‘வேலையாள்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘அவ இன்னா வெளியாளா? வீட்டுப் பொண்ணு மாதிரி. அவளைப் போய் எழுதிகினு’ என்றேன். செல்லம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. எனக்கும் பெருமையாக இருந்தது. அன்பாகத்தான் சொன்னேன் குமார். இன்றைக்கும் அதில் பொய் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த அன்பினால் அவளுக்குக் கிடைத்தது ஒரு சிரிப்பு மட்டும்தான். எங்களுக்குப் பணம் மிச்சமானது.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. கொட்டகையின் பின்சுவர் ஊறிக்கொண்டே வந்தது. ஒரு மத்தியானம் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது, பெரிய மூட்டையைத் தரையில் போட்டதுபோல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் பின்சுவர் இல்லை, வானம் தெரிகிறது. நாலு தறிகளில் இரண்டு செங்கல்லுக்கு அடியில் கிடந்தன. அப்பா தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தவர், தறிமரம் தாங்கிக்கொண்டதால் பிழைத்தார். செல்லம்மா சுவரோரம் ராட்டை போட்டிருந்தாள். அவள் இடுப்புக்குக் கீழே எனக்கு எதுவும் தெரியவில்லை. செங்கல்தான் தெரிந்தது. ‘அக்கா, நூலு நனையுது, மொதல்ல அதை எடு’ என்றாள். வலி அப்போது அவளுக்கு ஏறவில்லை போலிருக்கிறது. ஆம்புலன்ஸில் வேலூருக்குக் கொண்டுபோனோம். காலை எடுக்காமல் காப்பாற்றினார்கள், ஆனால் அது பழைய காலாக இல்லை. நீ அப்போது சென்னையில் எஞ்சின் வேலை கற்றுக்கொண்டிருந்தாய். சுவர் விழுந்தது, செல்லம்மாவுக்குக் காலில் அடி, சரியாகிவிடும் என்று உன்னிடம் சொன்னோம். அது சரியாகவில்லை. இப்போது கம்பு ஊன்றி ரேஷன் கடைக்குப் போய் வருகிறாள். ராட்டைக்கு முன்னால் அவளால் உட்கார முடிவதில்லை.

சேதத்தைப் பார்க்க இன்சூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் வந்தார். நல்ல மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னார்: ‘உங்க கொட்டகையில இருக்கற எல்லாம் சேர்ந்து இன்னைக்கு என்ன பெறுமோ, அதுல பாதிக்கும் கம்மியாத்தான் இன்சூர் பண்ணிகிறீங்க. மீதிக்கு நீங்களே பொறுப்புன்னு கணக்கு. அதனால எது போனாலும் அதுல பாதிகூட வராது.’ அப்பாவுக்குப் புரியவில்லை. ‘நாலுல ரெண்டுதானே சார் போச்சு? எழுதின தொகை ரெண்டுக்குத் தாங்குமே’ என்றார். ‘எல்லாருக்கும் அப்படித்தாங்க தோணுது’ என்றார் அவர். மதிப்பைக் குறைத்து எழுதினால் எல்லாமே போகும்போதுதான் நஷ்டம், கொஞ்சம் போனால் முழுசாகக் கிடைத்துவிடும் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. குறைத்து எழுதியது ஒவ்வொரு செங்கல்லிலும் ஒவ்வொரு இழையிலும் குறைகிறது. அவர் மேல் தப்பு இல்லை, பாலிசியிலேயே அந்த வரி இருந்தது. செல்லம்மாவைப் பற்றி நான் கேட்டேன். ‘அவங்க பேருல ஏதாவது எடுத்திருக்கீங்களா?’ என்றார்.

வந்த தொகையில் ஒரு சுவரும் ஒரு தறியும் எழுந்தன. வேலூர் செலவு நம் தலையில் விழுந்தது. அது விழ வேண்டிய இடம்தான். தார் சுற்ற வேறு ஆள் வைக்க முடியவில்லை. சுமதி அப்போது ஒன்பதாவது முடிக்கும் தறுவாயில் இருந்தாள். ‘ரெண்டு மாசம் மட்டும் சுத்து கண்ணு, அப்பறம் போலாம்’ என்றேன். அவளும் சரி என்றாள். எதற்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத பிள்ளை. இரண்டு மாதம் போய்விட்டது, அடுத்த வருஷமும் போய்விட்டது. கேட்டவர்களிடம், ‘அவளுக்குக் கூச்சம் ஜாஸ்தி, பள்ளிக்கூடம் புடிக்கல’ என்று சொன்னேன். உன்னிடமும் அதையேதான் சொன்னேன். நீயும் நம்பினாய். ஏனென்றால் அவளுக்குக் கூச்சம் இருப்பது உண்மை.

இந்த இடத்தில் அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். ‘இது எதுக்கும்மா? அண்ணன் படகுக்கும் இதுக்கும் இன்னா?’ என்கிறாள். எழுது என்கிறேன். ‘டீச்சர் கேட்டப்பகூட நீ இப்படிச் சொல்லல’ என்கிறாள். சொல்லவில்லைதான். அதையும் எழுது என்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு எழுதுகிறாள். எழுத்துக் கொஞ்சம் கோணியிருந்தால் அதற்கு நான்தான் காரணம்.

இப்போது உன் படகுக்கு வருகிறேன். கடல் எனக்குத் தெரியாது. ஆனால் புதுப்பிக்கும் நாளில் என்ன கேட்க வேண்டும் என்பது இப்போது தெரியும். நீ படகு வாங்கியது பழைய படகாக. அதற்குப் பிறகு பெரிய எஞ்சின் போட்டாய். வலை புதிது, ஐஸ் பெட்டி புதிது, திசை காட்டும் கருவி புதிது. எஞ்சின் படகின் மேல்தான் இருக்கிறது என்கிறாய். நம் ஜக்கார்டும் தறியின் மேல்தான் இருந்தது. எதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறதோ அதற்குத்தான் பொறுப்பு என்பார்கள். எஞ்சின் நம்பரைப் பார்த்து எழுதச் சொல். பழைய எஞ்சினின் நம்பர் இன்னும் அதில் கிடக்கிறதா என்று பார். மதிப்பு என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்று கேள். நீ வாங்கிய விலை ஒன்று, இன்றைக்கு விற்றால் வரும் விலை ஒன்று, நாளைக்கு இதுபோல வேறொன்று வாங்க ஆகும் விலை ஒன்று. இந்த மூன்றில் எதை வைத்து எழுதுகிறார்கள் என்பதை அவர்கள் வாயால் சொல்லக் கேட்டுக்கொள். கூட்டியும் எழுதாதே. கூட்டி எழுதினால் பிரீமியம்தான் கூடும், போனதற்கு மேல் ஒன்றும் தரமாட்டார்கள். குறைத்து எழுதினால் நஷ்டத்தையும் குறைத்துத்தான் தருவோம் என்ற வரி உன் பாலிசியிலும் இருக்கிறதா என்று கேள். மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கரையில் நிற்கும்போது புயல் வந்தால் அது பாலிசியில் சேருமா, எஞ்சினை யாராவது கழற்றிக்கொண்டு போனால் சேருமா என்று கேள். வெள்ளிக்கிழமை போகட்டும், சனிக்கிழமை கட்டலாம் என்று விட்டுவிடாதே. நடுவில் ஒரு நாள் இடைவெளி விழுந்தாலும் அன்றைக்கு அந்தப் படகுக்கு யாரும் பொறுப்பில்லை.

இதெல்லாம் மரத்துக்கும் இரும்புக்கும். ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன் மச்சான் உனக்கு உறவு. ஏழுமலை வெம்பாக்கம் பக்கத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவன், நீ கூப்பிட்டாய் என்று வந்தவன். கிணற்றில் நீந்தியதைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காதவன். அவன் அம்மா போன மாதம் ஆரணி மார்க்கெட்டில் என்னைப் பார்த்துக் கையைப் பிடித்துக்கொண்டாள். ‘உம் புள்ள கூடதானே கீறான், எனக்கு இன்னா கவலை?’ என்றாள். நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். குமார், அவனுக்கு ஏதாவது ஆனால் நீ உன்னிடம் இருப்பதை எல்லாம் விற்றாவது செய்வாய். எனக்குத் தெரியும். நாங்களும் செய்தோம். ஆனால் செய்வதற்கு நம்மிடம் எவ்வளவு இருந்தது என்பதைத்தான் யோசித்துப் பார். அன்றைக்கு உன் படகும் போயிருக்கும், உன் கையும் வெறுமையாக இருக்கும். அவன் வெளியாள் இல்லை என்று நீ நினைப்பது உண்மையானால் அவன் பெயரை எழுது. உன் மச்சான் பெயரையும் எழுது. எழுதுவதால் உறவு அறுந்துவிடாது.

நீ ஏன் ஏஜென்டை வர வேண்டாம் என்றாய் என்பதும் எனக்குப் புரிகிறது. படகைக் கடலில் இறக்கிய அன்று நாங்கள் பழவேற்காட்டுக்கு வந்திருந்தோமே. அதற்கு முன்பு உன் கல்யாணத்தில் உன் அப்பாவும் உன் மாமனாரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜாதி வேறு, ஊர் வேறு, தொழில் வேறு. படகு இறக்கிய அன்று யாரோ வந்து, ‘படகு எவ்ளோ ஆச்சு?’ என்று கேட்க, உன் மாமனார், ‘கரையில நிக்கற படகுக்கு வெலை கேக்காதீங்க’ என்றார். உன் அப்பா சட்டென்று திரும்பினார். ‘சரியா சொன்னீங்க சம்பந்தி. எங்க தறிக்கும் அதே பேச்சுதான்’ என்றார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உள்ளுக்குள் பயமாகவும் இருந்தது. மாமனார் மனம் நோகக்கூடாது என்றுதான் நீ விலை பேச ஆளை வரவிடாமல் செய்கிறாய். பெண் கொடுத்தவர், கடல் சொல்லிக்கொடுத்தவர். அவர் வார்த்தையை நீ மீற வேண்டாம். மீறச் சொல்லவும் மாட்டேன்.

அதனால் நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஏஜென்டைக் கூப்பிட்டு, வியாழக்கிழமை மத்தியானம் வந்து படகைப் பார்க்கச் சொல். நான் காலையில் கிளம்பி, சென்னைக்கு வந்து, பொன்னேரியில் பஸ் மாறி வந்துவிடுகிறேன். உன் மாமனார் வாய் திறக்க வேண்டாம். நீயும் திறக்க வேண்டாம். இருவரும் வேண்டுமானால் டீக்கடைப் பக்கம் போய் இருங்கள். படகு இவ்வளவு, எஞ்சின் இவ்வளவு, வலை இவ்வளவு என்று ஏஜென்டிடம் நான் சொல்கிறேன். தொழிலில் விவரம் தெரிந்தவர்களிடம் விலை கேட்டு தேவி எனக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கட்டும். விலை சொன்ன வாய்க்கு ஏதாவது வரும் என்றால் அது என் வாய்க்கு வரட்டும். நான் தறிக்கும் கடலுக்கும் வெளியே பிறந்தவள். கலசப்பாக்கத்தில் நெல் அறுத்த வீட்டுப் பெண். எனக்கு அந்தப் பயம் இல்லை.

உன் அப்பா தறியில் இருந்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நாடா நின்றது. ‘அங்க போயி, சம்பந்தி கரையில நின்னுகினு வெலை சொல்லப் போறியா?’ என்றார். ‘ஆமா. இங்க சொல்லாம வுட்டுட்டேன்’ என்றேன். அவர் குழிக்குள் காலை எடுத்து வைத்து, எடுத்து வைத்து, கொஞ்ச நேரம் மிதிகட்டையை மிதித்தார், ஆனால் நாடா ஓடவில்லை. பிறகு, ‘வியாழக்கெழமை மொத பஸ்ஸு எத்தினி மணிக்கு?’ என்று கேட்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. சம்பந்தியோடு டீக்கடையில் உட்கார ஒரு ஆள் வேண்டும் இல்லையா.

அம்மா.

அண்ணா, அம்மா உலையைப் பார்க்க உள்ளே போயிருக்கிறார்கள். நானும் வருகிறேன். பஸ்ஸில் அவ்வளவு தூரம் வந்ததில்லை, ஆனாலும் வருகிறேன். மச்சான் பெயரையும் ஏழுமலை அண்ணன் பெயரையும் ஆதாரில் உள்ளபடி, அவர்கள் அப்பா பெயரோடு, வயதோடு கேட்டு வை. அந்த இரண்டு பெயரையும் நானே எழுதுகிறேன். எழுதி முடித்து, நீ கையெழுத்துப் போடுவதைப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குத் திரும்புவேன்.

சுமதி.